கட்டக்காவும் தீர்த்துவிட்ட கம்ப்யூட்டரும்

ராசிபுரத்துக்கும் வெண்ணந்தூருக்கும் இடையில் கட்டக்கா தலையாட்டாமல் யாரும் தாலி கட்டியது கிடையாது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டவர்கள்கூட ஆறு மாதம் கழித்து எங்கள் திருமணத் தகவல் மையத்துக்கு வந்து, அவரிடம் பொருத்தம் பார்த்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

ராசிக்கட்டம் போட்டுத் தருவதால் கட்டக்கா. அசல் பெயரை அவரே மறந்திருப்பார். அவருடைய கம்ப்யூட்டர் அந்த மையத்தைவிடப் பழையது. தினமும் காலையில் அதன் நெற்றியில் விபூதி வைத்து, மாலையில் துண்டு போர்த்திவிட்டுப் போவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒருநாள் அதன் கீபோர்டைத் தொட்டுவிட்டேன். உடனே ஈரத்துணி எடுத்து வந்து, நான் தொட்ட எழுத்துகளை மட்டும் துடைத்தார்.

யாராவது போனில் ஜாதகம் பார்த்துவிட்டு வந்தால் அவ்வளவுதான். "போன்ல பாத்த ஜாதகத்துக்குப் போன்லயே கல்யாணம் பண்ணிக்கச் சொல்லுங்க," என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எனக்கு அவரைப் பார்த்தால் வயிறு எரியும். நான் கம்ப்யூட்டர் படித்தவள். அவர் இரண்டு விரலால் தட்டுபவர். ஆனால் வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும், "கட்டக்கா இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு, எதிர்க்கடையில் டீ குடித்தபடி காத்திருப்பார்கள். கல்யாண வீடுகளில் அவரைக் கையைப் பிடித்து முதல் பந்திக்குக் கூட்டிப் போவார்கள். என்னிடம் அவருடைய கைப்பையைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள்.

ஆகவே அவருடைய கம்ப்யூட்டர் ரைஸ்மில் போலச் சத்தம் போட ஆரம்பித்தபோது எனக்கு உள்ளூர இனித்தது. முதலாளி புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். அதை என் மேஜையில் வைத்தார். அன்றைக்கு வீட்டில் கேசரி கிண்டினேன்.

ஜோதிட சாஃப்ட்வேரை அதற்கு மாற்றச் சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து சர்வீஸ்காரர் வந்தார். அப்படியே காப்பி எடுத்துப் போட்டால் ஓடாது என்றார். "ஒரு மெசின்லதான் ஓடும்ங்க. பழையதுல லைசென்ஸை ரிலீஸ் பண்ணிட்டு, புதுசுல ஏத்தணும்."

"ரிலீஸ் பண்ணிட்டா, அப்பறம் இதுல ஓடாதுங்களா?" என்று கேட்டார் கட்டக்கா.

"ஓடாதுங்க."

"அப்ப இது புருசன் பொண்டாட்டியத் தீத்து உடற மாதிரிதானுங்க. கல்யாணம் பண்ணி வெக்கிற எடத்துல அதெல்லாம் பண்ணப்படாது."

சர்வீஸ்காரருக்குச் சேலம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். கட்டக்காவோ முதலில் ராகுகாலம் என்றார், பிறகு எமகண்டம் என்றார், அதுவும் முடிந்ததும் அஷ்டமி என்றார். கடைசியில் முதலாளியே வந்து கெஞ்சிய பிறகு எழுந்து, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். சாஃப்ட்வேர் என் மேஜைக்கு வந்தது. பழைய ஜாதகங்களும் ஒன்று விடாமல் வந்து சேர்ந்தன. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்தச் சிரிப்பு மறுநாள் வெண்ணந்தூர்க் குடும்பம் வரும்வரை இருந்தது. தறி ஓட்டுகிறவர்கள். கட்டக்கா பொருத்தம் சொல்லி, நிச்சயமும் முடிந்துவிட்டது. மண்டபத்தில் கேட்கிறார்கள், பொருத்தத் தாளில் இன்னொரு நகல் வேண்டும் என்றார்கள். ஒய்யாரமாகத் தட்டி எடுத்துக் கொடுத்தேன். பெண்ணின் அப்பா தாளைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். தாலி பலத்துக்குப் பார்க்கிற ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை என்று போட்டிருந்தது. பெண்ணின் நட்சத்திரமே வேறாக இருந்தது.

"ஏனுங் கண்ணு, பத்திரிகை அடிச்சாச்சுங்களே," என்றார் அவர். பக்கத்தில் நின்ற பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டரில் சரிபார்க்கலாம் என்றால், அதில்தான் சாஃப்ட்வேர் திறக்காதே. மறுபடி தட்டிப் பார்த்தேன், அதேதான் வந்தது.

கட்டக்கா எழுந்து வந்தார். என்ன கோளாறு என்று அவருக்கும் தெரியாது. ஆனால் குரலில் அது தெரியவில்லை.

"பயப்படாதீங்க. மெசின் நேத்துத்தான் ஊடு மாறுச்சு. இன்னும் தூக்கம் தெளியல. டீ சாப்புடுங்க, சரியாயிரும்."

அவர்களை உட்கார வைத்து, எந்த ஊர்ச் சமையல்காரர், என்ன இனிப்பு, பெண்ணுக்கு என்ன நிறத்தில் சேலை என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் அந்தப் பெண் சிரித்தேவிட்டாள். அதற்குள் நான் சர்வீஸ்காரரைப் போனில் பிடித்தேன்.

"பழைய செட்டிங்ஸ் கூடவே வராதுங்க மேடம்," என்றார் சாவகாசமாக. "அதுல வாக்கியப் பஞ்சாங்கம் வெச்சிருந்தாங்களா? புதுசு தானா திருக்கணிதத்துல நிக்கும். நீங்கதான் மாத்தணும்."

இரண்டு பஞ்சாங்கத்துக்கும் சில நாழிகை வித்தியாசம் வரும். நட்சத்திரம் மாறுகிற நேரத்தில் பிறந்திருந்தால், ஒன்றில் ஒரு நட்சத்திரம், இன்னொன்றில் வேறு நட்சத்திரம். அந்தப் பெண் அப்படிப்பட்ட நேரத்தில் பிறந்தவள். மாற்றினேன். பழைய நட்சத்திரமும் பழைய பொருத்தமும் திரும்பி வந்தன.

கட்டக்கா தாளை வாங்கி அவர்களிடம் நீட்டினார். "பொருத்தம் மாறலீங்க. மெசின்தான் எடம் மாறுச்சு."

குடும்பமே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. சரிசெய்தவள் நான். என்னிடம் பெண்ணின் அம்மா, "கொஞ்சம் தண்ணி கொண்டாங்க கண்ணு," என்றார். கொண்டுவந்து கொடுத்தேன்.

அவர்கள் போன பிறகு, இரண்டு வார்த்தை திட்டுவார் என்று காத்திருந்தேன். கட்டக்கா தன் நாற்காலியை இழுத்து வந்து என் பக்கத்தில் போட்டார். "நீ தட்டு சாமி. பேசறத நா பாத்துக்கறேன்." அதன் பிறகு நாங்கள் ஒரே மேஜையில்தான். என் டீயில் சர்க்கரை அதிகம் என்பதிலிருந்து, எனக்கு மாப்பிள்ளை எப்படி அமைய வேண்டும் என்பதுவரை அவர் சொல்லாத அபிப்பிராயம் இல்லை. கோபித்துக்கொண்டே கேட்பேன்.

போன வருடம் மகன் வேலை மாறியதால் கட்டக்காவும் அவரோடு மோகனூருக்குக் குடிபோய்விட்டார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. ஒரு தகவல் மையத்தில் உட்கார்ந்திருக்கிறாராம். அங்கே தட்டுவதற்கு ஒரு பெண் இருக்கிறாளாம். அவளையும் "சாமி, சாமி" என்றுதான் கூப்பிடுகிறாராம்.

கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.