இரண்டு கேமராவும் ஒரு முகமும்

"அசையாம இருங்கப்பா," என்றான் இளஞ்செழியன்.

பச்சமுத்து அசையவில்லை. கூடவே கண்ணையும் மூடிக்கொண்டார்.

"கண்ணைத் தொறங்க."

"தொறந்தாத் தண்ணி வருது சாமி. வெய்யிலு."

வாசலில் நாற்காலி. அதற்குப் பின்னால் கட்டிய கறுப்புத் துணி. எதிரே ஸ்டாண்டின் மேல் செங்கல் கனத்தில் ஒரு கேமரா. இன்னொன்று பெட்டிக்குள் இருந்தது.

சேலம் அஸ்தம்பட்டியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் இளஞ்செழியன், எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவு குலையாத மீடியம் ஃபார்மட் கேமராவுக்கு மாறுவதென்று முடிவு கட்டிவிட்டான். பட்டுக்கடை விளம்பரத்தை ரோட்டோரப் பலகைக்குப் பெரிதாக்கும்போது பழைய கேமரா கையை விரித்துவிடுகிறது. எதை வாங்குவது என்பதில்தான் திண்டாட்டம். ஜப்பான் கேமரா சட்டென்று ஃபோகஸ் பிடிக்கும். லென்ஸும் நிறையக் கிடைக்கும். ஸ்வீடன் கேமரா நிறத்தை உள்ளபடி தரும். ஆனால் எல்லாம் நிதானம்தான். கோயமுத்தூர் ஏஜென்ட் இரண்டையும் ஒருநாள் சோதித்துப் பார்க்கக் கொடுத்திருந்தார். சாயங்காலம் திருப்பித் தந்தாக வேண்டும்.

சோதிக்க அப்பாவின் முகத்தை விட்டால் வேறு முகம் ஏது? கறுத்த தோல், வெள்ளைத் தாடி, முகமெல்லாம் சுருக்கம். முந்தின நாளே போனில் சொல்லிவிட்டு, ராசிபுரத்தை ஒட்டிய தோட்டத்து வீட்டுக்கு வந்திருந்தான். போட்டோ என்றாலே எழுந்து போகிற மனிதர், இன்று குளித்து, சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். அவனுக்கு அதுவே பெரிய ஆறுதல்.

அந்த வெறுப்புக்குக் காரணம் உண்டு. மகள் கோகிலவாணி குமாரபாளையத்தில் வீடு கட்டிக் குடிபோனபோது, வாசல் பேனரில் அவள் மாமனார் படம் வாழையிலை அளவுக்கு இருந்தது. ரேஷன் கார்டிலிருந்து எடுத்த அப்பா படம் தபால்தலை அளவு, அதிலும் முகம் தெரியவில்லை. பச்சமுத்து பேனரைப் பார்த்தார். பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிவிட்டார். மூன்று வருஷமாகப் பேச்சில்லை. அவளாக வரட்டும் என்று இவர். அப்பா கூப்பிடட்டும் என்று அவள். அக்கா பேரை எடுத்தால் அப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிடும். அதைப் பார்க்கச் சகிக்காமல் இளஞ்செழியன் பேசுவதையே விட்டுவிட்டான்.

பக்கத்துத் தோட்டத்து நல்லம்மாள் இளநீரோடு வந்தாள். கேமராவைப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"டாக்டரு என்ன சொன்னாருங்க தம்பி?"

"எந்த டாக்டர்?"

"சரி, சொல்ல வேண்டாமுங்க. மனசத் தேத்திக்கோங்க."

"இது கேமராவை சோதிக்கறதுக்குங்க அக்கா. அப்பாவுக்கு ஒன்னுமில்லை."

அவள் தலையாட்டினாள். துக்க வீட்டில் ஆட்டுகிற ஆட்டம்.

வயசானவரை உட்காரவைத்து, பின்னால் துணி கட்டி, பொறுமையாக ஒரு படம் எடுத்தால், அந்தப் பக்கத்தில் எதற்கென்று யாரும் கேட்பதில்லை. மாலை போடத்தான். அது உறைத்ததும் இளஞ்செழியன் அவசரமாகத் துணியை அவிழ்த்தான். சோதனைதான் என்று காட்ட இரண்டாவது கேமராவையும் எடுத்துப் பக்கத்தில் நிறுத்தினான்.

அதற்குள் செங்கோடன் சித்தப்பா ரொட்டியும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். செருப்பை வேலியோரமே கழற்றிப் போட்டிருந்தார்.

"ரெண்டுலயும் எடுக்கறயா சாமி?" என்றார் மெதுவாக. "அதுஞ் செரிதான். ஒன்னு ஊட்டுக்கு, ஒன்னு பேனருக்கு."

"சித்தப்பா, அப்பா நல்லா இருக்காருங்க. அப்பா, நீங்களே சொல்லுங்க."

"எனக்கென்ன," என்றார் பச்சமுத்து. "நல்லாத்தான் இருக்கறேன்." சொல்லிவிட்டு நெடுநேரம் இருமினார்.

சித்தப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நீங்க உக்காருங்க சித்தப்பா. உங்களையும் எடுக்கறேன்."

சித்தப்பா பின்வாங்கினார். "என்னை எதுக்கு சாமி? எனக்குச் சுகர்கூட இல்லை."

தோட்டம் நிறைய ஆள் சேர்ந்துவிட்டது. எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். எல்லோரையும் சேர்த்து குரூப்பாக எடுத்தால் கல்யாண வீடு மாதிரி இருக்கும் என்று நினைத்து, "வாங்க, அப்பாகூட நில்லுங்க," என்று கூப்பிட்டான். அவர்கள் குரூப்பாக வரவில்லை. வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவராக அப்பாவின் கையைப் பிடித்து, சற்று நின்று, நகர்ந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

எடுத்த படங்களைக் கேமராத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தான். ஒவ்வொரு கண்ணீர்த் துளியும் தனித்தனியாகத் தெரிந்தது. அவ்வளவு துல்லியமான துக்கத்தை அவன் அதுவரை கண்டதில்லை. பச்சமுத்து ஹார்லிக்ஸைக் குடித்தபடி வண்டித்தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவள் கோகிலவாணி. தலைகூட ஒழுங்காக வாரவில்லை. ஓடிவந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாப்பா?"

பச்சமுத்துவின் கை அவள் தலைமேல் போய் நின்றது.

"சாப்ட்டயா பாப்பா?" என்றார்.

"இல்லப்பா."

"நானும் சாப்படல. எந்திரி, உள்ள போலாம்."

இளஞ்செழியன் கேமராவுக்குக் குனிந்தான். விரல் பட்டன்மேல்தான் இருந்தது. ஜப்பானிலும் எடுக்கவில்லை, ஸ்வீடனிலும் எடுக்கவில்லை. அப்பாவும் அக்காவும் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

பிறகுதான் பயம் பிடித்தது. யாரோ கிளப்பிவிட்ட பொய்யை நம்பி வந்திருக்கிறாள். அப்பா குத்துக்கல்லாட்டம் இருக்கிறார் என்று தெரிந்தால் வந்த காரிலேயே திரும்பிவிடுவாளோ? இந்த முறை போனால் அவ்வளவுதான்.

தண்ணீர்த்தொட்டி ஓரம் நின்றிருந்த நல்லம்மாளிடம் போனான்.

"ஏனுங்க அக்கா, இப்படியொரு பொய்யைக் கெளப்பி விட்டுட்டீங்களே. பாவம், எங்கக்கா வழியெல்லாம் அழுதுட்டு வந்துருக்கறா."

நல்லம்மாள் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நான் எங்கீங்க கெளப்புனேன்? வெடியால கோழி கூப்புடறப்பவே உங்கய்யன்தான் எங்க ஊட்டுக்கு வந்து, 'பையன் கேமராவோட வாரான், இதை விட்டா வேற சமயம் வாய்க்காது, எனக்கு முடியலைன்னு பாப்பாவுக்கு ஒரு போனைப் போட்டுக் கொஞ்சம் அழுதுட்டே பேசு'ன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போனாருங்க தம்பி."