பாரம் ஏற்றிப் பார்த்த வண்டி

"மாட்டுக்குன்னா சுழி பாத்து வாங்கலாம், இதுக்கு எங்கன பாக்குறது?" என்று முனகியபடி உக்கிரபாண்டி அந்தப் பெரிய வேன் வண்டியை மூன்றாம் தடவையாகச் சுற்றி வந்தார்.

இருபது ஜோடி மாடு வாங்கி ஒருமுறைகூட ஏமாறாத மனிதர். இயந்திரம் வாங்குவதில் மட்டும் அவருக்கு ராசி கிடையாது. போன வருஷம் வாங்கிய பழைய பம்ப்செட் மூன்றாம் நாளே மூச்சை நிறுத்தியது. மிளகாய்க் காட்டை மட்டும் நம்பினால் ஆகாது, ராமேசுவரம் வருகிறவர்களை ஏற்றி இறக்கிப் பிழைக்கலாம் என்று இப்போது தேவிபட்டினத்துக்கு வண்டி பார்க்க வந்திருந்தார். கூடவே வந்த மனைவி சேதுலட்சுமி கிளம்பும்போதே தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

"இதுலயும் ஏமாந்தீங்கன்னா, இனிமே வீட்டுக்கு உப்பு வாங்குறதுகூட நாந்தான்."

வண்டிக்குச் சொந்தக்காரர் கருவாட்டு வியாபாரி குருநாதன். பணிவான ஆள்.

"ஒரு சுத்து ஓட்டிப் பாருங்கண்ணே."

"வெறும் வண்டி எதுவும் ஓடும். பாரம் ஏத்திப் பாக்காம மாடு வாங்குவாங்களா? அந்தா கெடக்கே மூட்டை, அத ஏத்துங்க."

குருநாதன் முகம் சுருங்கியது. "கருவாடுண்ணே. வண்டியெல்லாம் நாறிப்போகும்."

அந்தத் தயக்கம் போதாதா? உக்கிரபாண்டிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நாலு மூட்டை ஏற்றச் சொன்னார். வண்டி துளிகூட இறங்கவில்லை. எட்டாக்கினார். பின்சீட்டை மடக்கி, வேட்டியை மடித்துக் கட்டி, தரையில் மிச்சமிருந்த நாலையும் தானே தூக்கிப் போட்டுப் பன்னிரண்டாக்கினார். குருநாதன் முன்சீட்டில் ஏறிக்கொள்ள, சேதுலட்சுமிக்கு மூட்டை மேல்தான் இடம் கிடைத்தது.

"தெருமுனை வரைக்கும் போதும்ணே," என்றார் குருநாதன்.

"ராமநாதபுரம் வரைக்கும் போகணும்."

"டீசல் கம்மியா இருக்கே."

"ஒங்க டீசல யாரு நம்புறது? நானே ஊத்திக்கிறேன்."

ஊருக்கெல்லாம் டிராக்டர் ஓட்டிய கை அது. பெட்ரோல் பங்கில் டீசல் நிரப்பிக்கொண்டு உக்கிரபாண்டி வண்டியைச் சாலையில் ஏற்றினார். எவ்வளவு உயரம்! கருவேலங்காட்டுக்கு அப்பால் கடல் தெரிந்தது. இத்தனை வருஷம் இந்த வழியில் பஸ் நெரிசலில் நின்றபடியே போயிருக்கிறார், கடல் இவ்வளவு கிட்டத்தில் இருப்பது தெரியாமல் போயிற்றே. பன்னிரண்டு மூட்டை பின்னால் இருப்பதை வண்டி பொருட்படுத்தவே இல்லை. பாலத்து மேட்டில் சிரமப்படும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். மேடு வந்ததே தெரியவில்லை. கோயிலுக்குள் நிற்பதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினார்.

"என்ன பிறவி இது," என்றார் கண் கலங்க.

"எனக்கும் நம்பிக்க வந்துருச்சு," என்றாள் சேதுலட்சுமி, மூக்கைப் பொத்தியபடி.

ராமநாதபுரம் வந்தது. ஒரே ஒரு சோதனைதான் பாக்கி.

"பாரத்த எறக்குனா மாடு நிமுந்து நிக்கணும். எங்கனயாச்சும் எறக்கிப் பாக்கணும்."

குருநாதன் தலையைச் சொறிந்தார். "ஒங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்? வேணும்னா, எனக்குத் தெரிஞ்ச கருவாட்டு மண்டி ஒண்ணு பக்கத்துல இருக்கு."

பன்னிரண்டு மூட்டையையும் உக்கிரபாண்டியே சுமந்து மண்டிக்குள் அடுக்கினார். வேறு யாரையும் தொடவிடவில்லை. கடைசி மூட்டை இறங்கியதும் வண்டி நிமிர்ந்து நின்றது, புதுசாட்டம். அதன் நெற்றியைத் தடவிக்கொடுத்தார். விலை பேச குருநாதனைத் தேடினால், அவர் உள்ளே சரக்கு வந்து சேர்ந்ததற்குச் சிட்டை வாங்கிக்கொண்டிருந்தார்.

சேதுலட்சுமி வாய்விட்டே சொன்னாள். "ஏங்க, வாழ்க்கையில மொதத் தடவையா மிஷினு விசயத்துல நீங்க ஏமாறல."

தராசில் மூட்டையைத் தூக்கி வைத்த மண்டி ஆள் ராக்கப்பன், உக்கிரபாண்டியை மேலும் கீழும் மரியாதையோடு பார்த்தார்.

"பரவாயில்லண்ணே, போன வாரம் இந்த வண்டிய வாங்க வந்தவரு ஏழாவது மூட்டையிலயே இடுப்பப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு."