யாருக்க அண்ணாச்சியும் என் பஸ் போர்டும்

திருவனந்தபுரத்தில் என்னை அதிகமாக ஆத்திரப்பட வைத்த மனிதர் என்று ஒருவரைத்தான் சொல்ல முடியும். கொட்டும் மழையில் கை காட்டியும் நிற்காமல் போகும் பஸ்கள்கூட அவருக்கு அடுத்த இடம்தான்.

எங்கள் பல்கலைக்கழகக் கணினி லேபின் பொறுப்பாளர் அவர். ஊர் நாகர்கோவில் பக்கம். யார் எந்த ஃபைலைத் திறந்தாலும் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "இது யாருக்க சாதனம்?" என்பார். யாருடைய பொருள் என்று அர்த்தம். மலையாளப் பிள்ளைகள் உட்பட அத்தனை பேருக்கும் அவர் யாருக்க அண்ணாச்சி.

ஒருவன் பென் டிரைவில் திருட்டுப் படம் கொண்டுவந்து மதிய இடைவேளையில் ஓட்டினான். அண்ணாச்சி வந்தார். மானிட்டரைக் கழற்றி, பிரசவ வார்டில் குழந்தையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விட்டார். கதாநாயகி பாதிப் பாட்டில் இருந்தாள். சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஓணப் போட்டிக்கு லேப் வாசலில் பூக்களம் போட்டோம். டிசைன், இணையத்தில் எடுத்து லேப் பிரிண்டரில் அச்சடித்தது. அண்ணாச்சி குனிந்து பார்த்தார்.

"இது யாருக்க சாதனம்?"

"எந்தா சேட்டா, பூவுக்கும் காப்பிரைட்டா?" என்று சீறினாள் என் தோழி.

"பூவுக்கு இல்ல. வரைஞ்சானே, அந்தக் கோலத்துக்கு."

வரைந்தவரைத் தேடிப் பிடித்து, அனுமதி வாங்கி, அவர் பெயரை ஒரு அட்டையில் எழுதிப் பூக்களத்தின் அருகில் வைத்த பிறகுதான் விட்டார். நடுவர்கள் அட்டையைப் பார்த்தார்கள். முதல் பரிசுச் சான்றிதழை அந்தப் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். முட்டி தேய உட்கார்ந்து பூ இட்டவர்கள் நாங்கள்!

இதையெல்லாம்கூட மன்னித்திருப்பேன். என் ப்ராஜக்டில் கை வைத்தாரே, அதைச் சொல்கிறேன்.

அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் துணிக்கடையில் நிற்பவர். மலையாளம் சரளமாகப் பேசுவார், வாசிக்கத் தெரியாது. கரமனைக்கு எந்த பஸ் என்று தினமும் யாரையாவது கேட்பார். ஒருநாள் ஒரு பையன் வேண்டுமென்றே தப்பான பஸ்ஸில் ஏற்றிவிட்டான். அந்தக் கோபத்தில் பிறந்தது என் ப்ராஜக்ட்: போனை பஸ் போர்டுக்கு நேரே பிடித்தால் ஊர்ப்பெயரைத் தமிழில் சொல்லும்.

படத்திலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்கும் பகுதி மட்டும் எனக்கு வரவில்லை. இணையத்தில் ஒருவர் எழுதி வைத்திருந்த நிரலை எடுத்து ஒட்டினேன். தலைப்பில் இருந்த அவர் பெயரை வெட்டினேன். வகுப்பே அதைத்தான் செய்தது.

கடைசி நாள். நாலு மணிக்குள் அனுப்பாவிட்டால் ஒரு வருடம் போய்விடும். அனுப்ப வேண்டியதோ அண்ணாச்சியின் கணினி வழியாக. மூன்றரைக்கு அவர் என் ஃபைலைத் திறந்து மேலும் கீழும் உருட்டினார்.

"நீ எப்போ பிள்ளே ஸ்பானிஷ் படிச்சே?"

பெயரை வெட்டியவள், நடுநடுவே அவர் எழுதியிருந்த ஸ்பானிஷ் குறிப்புகளை வெட்ட மறந்திருந்தேன்.

"நெட்ல கிடந்தது அண்ணாச்சி!"

"ரோட்டுல பைக் கிடந்தா எடுத்து ஓட்டிட்டுப் போவியா?" என்றவர், மூலப் பக்கத்தைத் தேடித் திறந்தார். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். என் பெயரை மட்டும் நீக்காதீர்கள் என்று அதில் இருந்தது. "பாரு, பைசா கேக்கல்ல. பேரு ஒண்ணுதான் கேக்கான். அதையும் அறுத்து எறிஞ்சிட்டியே."

ப்ராஜக்டுக்கு வழிகாட்டும் பேராசிரியர், என் கைடுக்குப் போன் போட்டேன். "பேர் போட்டா மார்க் போகும். பேசாம அனுப்பச் சொல்லு," என்றார். ஆராய்ச்சி நெறிமுறை பற்றி எங்களுக்குப் பாடம் நடத்தியவரும் அவரேதான்.

நான் வெடித்தேன். "சாரே சொல்லியாச்சு! நீங்க பட்டன் அமுக்குற ஆளு. அமுக்குங்க!"

லேப் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆமா பிள்ளே, பட்டன் அமுக்குறவன்தான். அதான் பாத்து அமுக்குதேன்."

மூன்று ஐம்பத்திரண்டுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஸ்பானிஷ்காரரின் பெயரை அடித்தேன். அடுத்த நொடி அனுப்பிவிட்டார். நான் நன்றி சொல்லவில்லை. வாசலுக்கு வந்து வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முதலில் பார்த்தது அந்தப் பெயரைத்தான். "அப்போ இது நீ எழுதலையா?"

"இல்ல சார். இந்தப் பகுதி அவரோடது. மத்த எல்லாம் என்னோடது."

சொல்லும்போதே முதுகு நிமிர்ந்தது. 'மத்த எல்லாம்' பற்றி அரை மணி நேரம் குடைந்தார். ஒன்றுவிடாமல் பதில் சொன்னேன். எனக்கு முன்னால் போனவர்கள் தங்கள் ஃபைலில் தாங்கள் எழுதியது எது என்று தெரியாமல் விழித்தார்கள். தேறினேன். தன் கையில் இருந்த மார்க்கைக் கைடு குறைத்துத்தான் போட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அண்ணாச்சிமேல் இருந்த கோபம் அன்றோடு முகவரி மாறிவிட்டது.

இப்போது அந்தச் செயலி அப்பாவின் போனில் இருக்கிறது. அதன் நன்றிப் பக்கத்தில் ஸ்பானிஷ்காரர் பெயருக்குக் கீழே அண்ணாச்சியின் பெயரும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி என்னைப் போனில் கூப்பிட்டுக் கத்தினார்.

"என் பேரு எதுக்கு? நான் ஒரு வரி எழுதினேனா? எடுத்துரு!"

"எடுக்க மாட்டேன்."

"எங்கிட்ட கேட்டியா பிள்ளே?"

"கேக்கல."

படாரென்று வைத்துவிட்டார். கேட்டால் தரமாட்டார் என்று தெரியும். அதனால்தான் அந்த ஒன்றை மட்டும் கேட்காமலே எடுத்துக்கொண்டேன்.