மச்சான் நிலத்தில் மருந்தில்லா முள்ளங்கி

மரியாதைக்குரிய தொக்குரா மச்சானுக்கு,

காலையில் பனி இறங்கத் தொடங்கிவிட்டது. தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறதோ என்று நானும் தங்கள் தங்கை மிட்சுவேயும் கவலைப்படுகிறோம். இங்கே இருவரும் சௌக்கியம். தாங்கள் பயிரிடக் கொடுத்த நிலம் அதைவிடச் சௌக்கியம்.

இந்த இலையுதிர்காலத்துக்குள் இயற்கை விவசாயச் சான்றிதழ் வாங்காவிட்டால் நிலத்தைக் கார் நிறுத்தும் இடமாக்கிவிடுவதாக எழுதியிருந்தீர்கள். வெள்ளைக் கோடு போட ஆள்கூடப் பார்த்தாயிற்றாம். அந்த ஆளை வேறு வேலை தேடச் சொல்லிவிடுங்கள். சான்றிதழுக்கு இரண்டு வருடம் மருந்து படாத மண் வேண்டும், நம் மண்ணில் மருந்து பட்டு இரண்டேகால் வருடம் ஆகிறது, நாளை மறுநாள் பரிசோதகர் வருகிறார், முள்ளங்கி சிலது இரண்டு கால் வைத்து வளர்ந்திருப்பது உண்மைதான், கொமாட்சுனாக் கீரையில் இலையைவிட ஓட்டை அதிகம் என்பதும் உண்மைதான், ஆனால் அந்த ஓட்டைதானே மச்சான் அத்தாட்சி, மருந்தடித்த கீரையைப் புழு சீண்டுமா? ரயில்வேயில் சேர்ந்த புதிதில் டிக்கெட்டில் ஓட்டை போட்டவன் நான், ஓட்டையைப் பற்றி எனக்குத் தெரியாதா!

ஒரே தலைவலி பக்கத்து நிலத்துக் கனமாருதான். வயது எழுபத்தெட்டு. அவர் வரப்பில் ஒரு புல் இருக்காது. என் புல்லையும் வண்டையும் பார்த்து, வாயைத் திறக்காமல் பெருமூச்சு விடுவார். திட்டினாலாவது பரவாயில்லை. எனவே நேற்று முறைப்படி மன்னிப்புக் கேட்கக் கிளம்பினேன், வெறுங்கையோடு போகலாமா, இருபது துண்டு பயறு இனிப்பு, பெரிய பெட்டியாகவே வாங்கினேன். மிட்சுவே வாசலிலேயே மறித்தாள்.

"என்னங்க, இவ்ளோ பெருசா? பாவம், பதிலுக்கு அந்த மனுஷர் என்னத்தக் குடுப்பாரு?"

"நீ சும்மா இரு. இதுல போய் கஞ்சத்தனம் பண்ணலாமா?"

கனமாருவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "எதுக்கு இசோபே சான் இதெல்லாம்! உங்களுக்கு இடுப்பு முடியல, ஒத்த ஆளா மல்லுக்கட்டுறீங்க, எனக்குப் புரியாதா?" என்றார். என் இடுப்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் விளக்கம் சொல்வது மரியாதையா? குனிந்துகொண்டேன். ஆக, அந்தப் பிரச்சினையும் தீர்ந்தது.

வீட்டில் அனைவருக்கும் எங்கள் வணக்கம். முழங்காலைக் குளிர் படாமல் மூடி வையுங்கள்.

இப்படிக்கு,
விரைவில் சான்றிதழோடு வந்து நிற்கப்போகும்
இசோபே

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். நான் தபால்தலை வாங்கிவிட்டுத் திரும்புவதற்குள் கனமாரு பதில் மரியாதை செய்துவிட்டார். முதுகில் ஸ்பிரேயரைக் கட்டிக்கொண்டு என் நிலம் முழுக்க, மூலை விடாமல், இரண்டு தடவை மருந்தடித்திருக்கிறார். "அவ்ளோ பெரிய பெட்டிக்கு ஒரு தடவை அடிச்சா நல்லாவா இருக்கும்?" என்கிறார். மனிதரின் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. மூன்று முறை குனிந்து நன்றி சொன்னேன், மூன்றாம் முறை நிமிரவே மனம் வரவில்லை. பரிசோதகரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தோட்டம் இப்போதுதான் பார்க்க அழகாக இருக்கிறது, எனக்கு அழுகை வருகிறது. மச்சான், இன்னும் இரண்டே வருடம் கொடுங்கள். இந்தத் தடவை அவரிடம் மன்னிப்பே கேட்கமாட்டேன்.