ஒத்தை சீட்டு

இனிமேல் தன் முதுகுக்குப் பின்னால் யாரும் உட்காரக் கூடாது என்று ஒரு திங்கட்கிழமை காலை கண்ணாடிக்காரர் முடிவு செய்தார். யாரும் என்றால் மனைவி. வேறு யாரும் அவர் பின்னால் உட்காருவதே இல்லை.

அவருக்குக் கடைவீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. "இது தெளிவா இருக்கா? இல்ல, அது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பார். நல்ல உயரம். கடை வாசலில் தலை இடிக்காமல் குனிந்து குனிந்தே, ரொம்பப் பணிவான மனிதர் என்று பெயர் வாங்கிவிட்டார்.

மனைவி சோபா, மெத்தை, நாற்காலிகளுக்கு உறை தைப்பவள். ஆள் அவர் தோளுக்கும் எட்டமாட்டாள். குரல் அடுத்த தெருவுக்கு எட்டும். வாடிக்கையாளர் வீட்டுக்கு அளவெடுக்கப் போக வேண்டுமென்றால், துணிச் சுருளைக் கட்டிக்கொண்டு அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் ஏறுவாள். அப்புறம் ஹேண்டில்பார் அவர் கையில். வண்டி அவள் வாயில்.

"லாரி வருது."

"பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் போறீங்க?"

"அது எதிர்ப்பக்கமாப் போகுதும்மா."

"இப்பப் போகுது. திரும்பினா?"

அந்த வீட்டில் அவருக்கு ஓட்டுகிற வேலை உண்டே தவிர, ஓட்டு கிடையாது.

அந்தத் திங்கட்கிழமை, நின்றுகொண்டிருந்த வண்டியில், சிவப்பு விளக்கில், "பிரேக் பிடிங்க" என்றாள். அப்போதுதான் அந்த முடிவு பிறந்தது.

வழியும் கண்ணெதிரே இருந்தது. எதிர் வீட்டுக் கேப்டனின் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் கிடந்தது. கேப்டன் ஆற்றில் பயணிகள் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். கப்பலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். வண்டிக்கு விலையாக, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரு நல்ல கண்ணாடி போதும் என்று சொல்லிவிட்டார்.

"என்ன செய்யப் போறீங்க இத வச்சு?"

"பழைய பந்தய வண்டி மாதிரி மாத்தப் போறேன், கேப்டன். வால்பக்கத்தை வெட்டி, ஹேண்டிலைத் தாழ்த்தி, ஒத்தை சீட்டு."

"ஒத்தையா? வீட்டம்மா எங்க உட்காருவாங்க?"

கண்ணாடிக்காரர் புன்னகை செய்தார். கேப்டனுக்குப் புது மூக்குக்கண்ணாடி இல்லாமலே எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

மனைவியிடம் சொல்வதற்கு ஒரு பேச்சைத் தயார் செய்துவைத்திருந்தார். அழகு, பழமை, கைவேலை, மன அமைதி என்று நான்கு பகுதி. அவள் தையல் மெஷினை நிறுத்தாமல் முதல் பகுதியைக் கேட்டாள்.

"ஒத்தை சீட்டா?"

"அதுதாம்மா அதுக்கு லட்சணம். ரெண்டு பேர் உட்கார்ந்தா அழகு போயிடும்."

"செய்யுங்க."

"என்னது?"

"செய்யுங்கன்னேன். வீட்டுப் பணத்துல கை வைக்காம செய்யுங்க. உங்க முதுகையே பார்த்து எனக்கும் அலுத்துப்போச்சு."

மிச்சம் மூன்று பகுதியும் வீணாகப் போன வருத்தத்தில் அவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

வேலை ஆரம்பமாயிற்று. சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடுகிற முற்றத்தில் வண்டியைக் கழற்றினார். கழற்றுவது சுலபமாகத்தான் இருந்தது. பூட்டுகிறபோதுதான், கழற்றியதைவிட மிச்சம் அதிகமாக இருந்தது. இன்ஜின் உதைத்தால் உயிர்வரவில்லை. ஒருநாள் அவர் உதைத்தார், அது திருப்பி உதைத்தது. நொண்டிக்கொண்டே உள்ளே வந்து, "பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்றார்.

மனைவி முற்றத்துக்குப் போனாள். வண்டியைச் சுற்றி வந்தாள். துணி வெட்டுவதற்கு முன்னால் துணியைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"இன்ஜினை அந்த வேலை தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட குடுத்துடுங்க. காசு செலவழிக்க வேண்டிய இடம் அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் கண்ணும் கையும்தான். கண்ணு உங்களுக்கு இருக்கு. கை நான் தரேன்."

சொன்னபடியே தந்தாள். தாழ்வான பந்தய ஹேண்டில் வாங்க வேண்டும் என்று அவர் கடை கடையாக அலைய, அவள் பழைய ஹேண்டிலைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள். தாழ்வாகிவிட்டது. "கவுன்ல கைப்பகுதி சரியா வரலேன்னா திருப்பி வச்சுப் பார்ப்போம். அதே கதைதான்" என்றாள். முகப்பு விளக்கு பழைய சாமான் கடையில் ஒரு டிராக்டர் விளக்காகக் கிடைத்தது. பெட்ரோல் டேங்குக்குப் பெயின்ட், கேப்டன் வீட்டுக் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய கரும்பச்சை. கண்ணாடிக்காரர் அதை ஏழு முறை தேய்த்து ஏழு முறை அடித்தார். குனிந்து முகம் பார்த்தால், மூக்கில் இருந்த மரு வரை தெரிந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும், அவருக்கு நல்ல கண். வால்பக்கக் கம்பியை எங்கே வெட்ட வேண்டும், எவ்வளவு வளைக்க வேண்டும் என்று சாக்பீஸால் அவர் போட்ட கோட்டைப் பார்த்து வெல்டிங்காரர் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டார். டேங்கின் அடிவிளிம்பும் சீட்டும் வால்நுனியும் ஒரே இழுப்பில் போக வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஒரு நூல் இறங்கினாலும் மறுபடி வெட்டச் சொன்னார்.

சீட்டுக்குத் தோல் வேண்டியிருந்தது. மனைவி ஒரு பல் டாக்டரின் பழைய நாற்காலிக்குப் புது உறை தைத்துக் கொடுத்துவிட்டு, கழித்துப்போட்ட தோலைச் சுருட்டி எடுத்து வந்தாள். பழுப்பு நிறம், வெண்ணெய் மாதிரி.

"இதுல உட்கார்ந்தா வாய் தானாத் திறந்துக்குமே" என்றார் அவர்.

"திறந்தாப் பரவாயில்ல. பேச்சு வராம இருந்தா சரி."

அப்புறம் அளவெடுக்கும் நாள் வந்தது. சீட்டின் உயரம், ஹேண்டில் எவ்வளவு பின்னால் வர வேண்டும், கால் வைக்கிற கட்டை எங்கே இருக்க வேண்டும், எல்லாவற்றையும் ஆளை உட்காரவைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறப் போனார்.

"நீங்க ஏறினா எப்படி?" என்றாள் மனைவி.

"ஏன்?"

"வண்டி எப்படி இருக்குன்னு தள்ளி நின்னு பார்க்க வேண்டாமா? என் கண்ணுக்கு என்ன தெரியும்? உங்க கண்ணுல்ல கண்ணு."

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவருடைய எந்த உறுப்பையும் இப்படிப் பாராட்டியதில்லை.

அவள் ஏறி உட்கார்ந்தாள். அவர் சுவரோரம் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"சீட்டை இன்னும் இறக்கலாம். ஹேண்டில் கொஞ்சம் கிட்ட வரட்டும். கை மடங்குது பாரு, ஆங், அப்படியே இரு. காலை மேல தூக்கு. ஆஹா!"

"அழகா இருக்கா?"

"அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு."

தானே டேப்பைப் பிடித்து, தானே சாக்பீஸால் குறித்து, வெல்டிங்காரரிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்தவர் கண்ணில் இருக்கிற சின்னக் குறையைக்கூட விடாமல் பிடிக்கிற மனிதர் அவர்.

அதன் பிறகு வண்டியில் ஏறிப் பார்க்க அவருக்கு வாய்ப்பே அமையவில்லை. பெயின்ட் காயவில்லை என்றாள். காய்ந்ததும், சீட் இன்னும் தைத்து முடியவில்லை என்றாள். அவரும் அவசரப்படவில்லை. தான் மட்டும் தனியாக, பின்னால் சத்தமே இல்லாமல், கடற்கரைச் சாலையில் போவதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாற்றிய வண்டியை வாகன அலுவலகத்தில் காட்டி அனுமதி வாங்க வேண்டும். அந்த நாள் காலையில் ஒரு சின்ன லாரியில் வண்டியை ஏற்றினார்கள். கேப்டனும் வந்தார். அலுவலகத்து மைதானத்தில் வண்டியை இறக்கியதும் மனைவி சீட்டைப் பூட்டினாள். பழுப்புத் தோல், குறுக்கே குறுக்கே தையல், பின்னால் ஒரு சின்னத் திமில். வரிசையில் நின்றவர்கள் வரிசையை விட்டுவிட்டு வந்தார்கள். சோதனை அதிகாரி பேனாவை மூடிவிட்டு வண்டியைச் சுற்றி வந்தார்.

"எங்க செஞ்சது?"

"வீட்லதான், சார்" என்றார் கண்ணாடிக்காரர். அன்றைக்குத்தான் அவர் குனியாமல் நின்றார்.

"பிரமாதம். ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க."

கண்ணாடிக்காரர் ஏறினார். அதாவது, அவரில் பாதி ஏறியது. பின்னாலிருந்த திமில் அவரை முன்னால் தள்ளியது. டேங்க் பின்னால் தள்ளியது. முழங்கால்கள் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. எப்படியோ உதைத்துக் கிளப்பி, ஹேண்டிலை இடதுபக்கம் திருப்பினார். முழங்கால் ஹாரனை அழுத்தியது. வலதுபக்கம் திருப்பினார், முழங்கால் சுவிட்சைத் தட்டி இன்ஜினை அணைத்தது.

"சார், இது உங்க அளவுக்குச் செஞ்ச வண்டிதானா?" என்றார் அதிகாரி.

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி கேப்டனைப் பார்த்தாள். கேப்டன் புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"நான் ஓட்டிக் காட்டட்டுமா, சார்?" என்று மனைவி கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டினாள். புத்தம் புதுசு.

"இது எப்ப?" என்றார் கண்ணாடிக்காரர்.

"நீங்க கடைக்குப் போன நேரத்துல. கேப்டன்தான் வாடகை வண்டி எடுத்துக் கத்துக்கொடுத்தார்."

"கேப்டன்!"

"கரையில நிக்கறவங்களை ஏத்திக்கிறதுதானே தம்பி நம்ம தொழில்" என்றார் கேப்டன்.

மனைவி ஏறினாள். கை, கால், முதுகு எல்லாம் போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. ஒரே உதை. வண்டி கனைத்தது. மைதானத்தின் கோடியில் அவள் சாய்ந்து திரும்பியபோது, டேங்கும் சீட்டும் வாலும் அவள் முதுகும் ஒரே கோடாகப் போயின. அந்தக் கோட்டைத்தான் அவர் இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தார். தன் சீட்டு கிழிந்துவிட்டது என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. "பாருங்க, பாருங்க" என்று பக்கத்தில் நின்றவரின் தோளைத் தட்டினார்.

அவள் வந்து நின்றாள். கைதட்டல் ஓய்ந்த பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"கோவமா? வேலை வந்தா, நீங்க எப்ப வருவீங்க, எப்பக் கொண்டுபோய் விடுவீங்கன்னு காத்திருக்கணும். பாதி வாடிக்கை அதுலயே கைநழுவிப் போகுது. எனக்கும் ஒரு வண்டி வேணும்னு கேட்டா, யோசிக்கலாம்னு சொல்லுவீங்க. அதான் உங்களையே யோசிக்க வச்சேன்."

அவர் கோபப்படத்தான் பார்த்தார். வரவில்லை.

"மூணாவது கியர்ல இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாம்" என்றார்.

"பின்னாடியிருந்து சொல்ல இடமில்லீங்க" என்றாள்.

இப்போது அவள் துணிச் சுருளை முதுகில் குறுக்காகக் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் அந்த வண்டியில் போய் வருகிறாள். வாடிக்கை பெருகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடிக்காரர் வாசலில் உட்கார்ந்து வண்டியைத் துடைக்கிறார், செயினுக்கு எண்ணெய் போடுகிறார், போகிறவர் வருகிறவர் எல்லோரும் நின்று பார்க்கிற மாதிரி தள்ளி நிறுத்துகிறார்.

போன வாரம் ஒரு வாலிபர் தன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடி வந்தார். "சார், என்ன சார் இது, சிலை மாதிரி இருக்கு! நீங்களா செஞ்சீங்க? எனக்கும் ஒண்ணு செஞ்சு தர முடியுமா? என்ன வேணா தரேன். ஒரே ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கலாமா?"

கண்ணாடிக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாயைத் திறப்பதற்குள், ஜன்னலிலிருந்து பதில் வந்தது.

"வண்டியத் தாராளமா எடுத்துட்டுப் போங்க தம்பி. மெக்கானிக்கை மட்டும் வெளிவேலைக்கு அனுப்பறதில்ல."