இருபத்து நான்கு படங்கள், கறை நீக்கியது

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணியும் இங்கே சௌக்கியம், சலவைக் கடையும் சௌக்கியம். உன் வலது கைக் கட்டைப் பிரிக்கும் நாள் சீக்கிரம் வரட்டும். அதுவரை குளியலறைப் பக்கம் ஓடாமல் நட.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ நடுநடுவே "ஐயையோ, என்ன பண்ணினே?" என்று குறுக்கே பாய்வாய். கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேலை முடிந்தது. நீ இங்கே தங்கி வரைந்துவிட்டுப் போன இருபத்து நான்கு படங்களும் கம்ப்யூட்டருக்குள் ஏறி, திங்கட்கிழமைக் கெடுவுக்கு மூன்று நாள் முன்னாலேயே பதிப்பக அம்மாவுக்குப் போய்விட்டன. உன் முதல் புத்தகம் என் கைராசியில் வெளிவரப் போகிறது.

முப்பது வருஷமாகச் சலவைக் கடை வைத்திருப்பவனுக்கு ஸ்கேனர் எம்மாத்திரம்? மாடி வீட்டு வக்கீலிடம் இரவல் வாங்கினேன். உன் வாட்டர் கலர் தாள்களோ ஈரம் குடித்துச் சுருண்டு கிடந்தன, ஸ்கேனர் மூடி மூடவே இல்லை. மூடியின் மேல் வக்கீலின் சட்டப் புத்தகங்கள் மூன்றை வைத்தேன், கண்ணாடி முனகியது. அப்புறம்தான் நம் தொழில் நினைவுக்கு வந்தது. படத்தைக் குப்புறப் போட்டு, மேலே மெல்லிய துணி விரித்து, பட்டுக்கு வைக்கிற சூட்டில் இஸ்திரி போட்டேன். பதறாதே, ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்கவில்லை. அடுத்த வம்பு, படம் பெரிது, கண்ணாடி சிறிது. பாதி பாதியாக எடுத்து ஒட்டினேன். "பூனைக்கு ஏங்க ஆறு கால்?" என்றாள் உன் அண்ணி. எண்ணிப் பார்த்தேன், ஆறுதான். இரண்டைக் கழித்துவிட்டேன், பூனை இப்போதும் நன்றாகவே நிற்கிறது. அதற்குள் வானத்தைக் காணோம். நீ பூசியிருந்த இளநீலம் ஸ்கேனர் கண்ணுக்கே படவில்லை. கருமையைக் கூட்டினேன், வானம் வந்தது, கூடவே தாளின் சொரசொரப்பும் பொடுகு மாதிரி கிளம்பி வந்தது. குறைத்தால் வானம் போகிறது, கூட்டினால் பொடுகு வருகிறது. ஒரு பகல் முழுக்க இந்த இழுபறிதான். கடைசியில் அண்ணி நடுவில் ஓர் இடத்தைப் பிடித்து நிறுத்தி, "இத்தோட விடுங்க, கையை எடுங்க" என்றாள்.

எடுப்பேனா? ஒவ்வொரு படத்திலும் ஒரு மைக்கறை! ஒன்றில் திரைச்சீலையில், ஒன்றில் பூனை வாலில், இன்னொன்றில் சோப்பு டப்பாவின் மேல். சின்ன வயதிலிருந்தே நீ பேனாவை உதறுகிறவள். உன் பள்ளிச் சீருடையில் நான் துவைத்து எடுக்காத மையா? "எதையும் மாத்தாதேண்ணா, அப்படியே அனுப்பு" என்று நீ சொன்னது நினைவிருந்தது. நான் மாற்றவில்லை, சுத்தம்தான் செய்தேன். கம்ப்யூட்டரில் வட்டமாக ஓர் அழிப்பான் இருக்கிறது. ஊறவைக்க வேண்டாம், கசக்க வேண்டாம். இருபத்து நான்கு கறையும் இருந்த சுவடே தெரியாமல் போயின. சலவை என்றால் இதுதான் சலவை.

அண்ணன் என்ற உரிமையில் ஒரே ஒரு குறை சொல்கிறேன். அந்தத் தொப்பை மீசைக்காரர் யார்? பக்கத்துக்குப் பக்கம் கையில் துணியோடு நாக்குத் தள்ள ஓடுகிறார், எதிரே ஒன்றுமே இல்லை. வெறும் சுவரைத் துரத்துகிற ஆளைப் பார்த்துக் குழந்தைகள் என்ன நினைக்கும்? கதையை நீ நேரே பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டாய், நான் படிக்கவில்லை. எழுத்து என் இலாகாவும் அல்ல. இருந்தாலும் அடுத்த புத்தகத்திலாவது அவர் ஓடுவதற்கு ஒரு காரணம் கொடு.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். கையை ஆட்டாதே. இந்தப் புத்தகத்தைத் தொடர்ந்து இன்னும் நூறு புத்தகம் நீ போட அண்ணனும் அண்ணியும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் பதிப்பக அம்மா போனில் கூப்பிட்டார். "படமெல்லாம் பளிச்சுனு இருக்கு சார். ஆனா கதாநாயகனைக் காணோமே?" என்றார்.

"மீசைக்காரர்தானே? எல்லாப் பக்கத்துலயும் ஓடுறாரேம்மா."

"அவர் துரத்துறவர் சார். கதாநாயகன் அந்த மைத்துளி."

பிறகு முழுக் கதையையும் வாசித்துக் காட்டினார். வீட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய ஒரு மைத்துளி, அதைத் துடைக்கத் துரத்துகிற ஒரு சலவைக் கடைக்காரர். ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த உன் அண்ணி என் தொப்பையைப் பார்த்தாள், மீசையைப் பார்த்தாள், சிரிக்கத் தொடங்கியவள் இன்னும் நிறுத்தவில்லை. கடைசிப் பக்கத்தில் மைத்துளி களைத்துப்போய் அவர் சட்டைப்பையில் ஒட்டிக்கொள்ள, அவர் துணியைக் கீழே போட்டுவிட்டு, "இருந்துட்டுப் போகட்டும்" என்கிறாராமே. அந்தத் துளியையும் நான்தான் அழித்தேன், தங்கச்சி.

உன் அசல் படங்கள் பத்திரமாக இருக்கின்றன. ஸ்கேனர் மறுபடியும் மாடியிலிருந்து இறங்கிவிட்டது. முதல் படத்திலிருந்து தொடங்குகிறேன், திங்கட்கிழமைக்குள் முடிப்பேன், அதில் சந்தேகமே வேண்டாம். இந்த அவசரத்தில் பேனாவை மூடாமல் செருகி, என் வெள்ளைச் சட்டைப்பையில் மை கசிந்துவிட்டது. "கழட்டுங்க, ஊற வெக்கிறேன்" என்கிறாள் அண்ணி. இருந்துட்டுப் போகட்டும் என்றேன்.