மனதுக்குள் செபிக்கத் தெரியாத எண்ணெய் அண்ணாச்சி

“கோயில்ல பாடம் வாசிக்கப் போறியாமே? ஒன் சத்தம் வாசப்படியத் தாண்டுமாட்டி?” என்று எண்ணெய் அண்ணாச்சி என்னிடம் கேட்டார். கேட்டது எங்கள் தெருமுனையில்; காதில் விழுந்தது தென்காசி முழுவதும்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். கல்லூரியும் முடித்தவள். ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்க என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். இவர் யார் சந்தேகப்பட என்று சுருக்கென்றது. ஆனால் சத்தத்தைப் பற்றிப் பேச, குற்றால அருவிக்கு அடுத்தபடி தகுதியுள்ளவர் அவர்தான்.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் தொழில். தண்ணீர் இரைச்சலுக்கு மேல் கூவிக் கூவி, மெதுவாகப் பேசுவதையே மறந்துவிட்டார். கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரரிடம் ‘உப்பு கம்மி’ என்று ரகசியம் சொன்னால், சமையல்காரர் கரண்டியோடு ஓடிவருவார்.

ஆராதனையில், அவரவர் பாவத்தை மனதுக்குள் அறிக்கையிடும் நேரம் ஒன்று உண்டு. எல்லோரும் தலைகுனிந்து அமைதியாக இருப்போம். அண்ணாச்சி மட்டும் முழங்குவார். ஒரு ஞாயிறு இப்படி:

“ஆண்டவரே! நேத்து நல்லெண்ணெயில பாமாயிலக் கலந்துட்டேன்! மன்னியும்!”

முதல் வரிசையில் இருந்த சபைச் செயலர் மெல்லத் தன் முழங்கையை முகர்ந்து பார்த்தார். முந்தின நாள் அண்ணாச்சியிடம் தேய்த்துக் குளித்தவர் அவர்.

வெளியே வந்ததும் செயலர் அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டார். “வே, மனசுக்குள்ள சொல்லும்வே!”

“மனசுக்குள்ள சொன்னா சாக்குப்போக்கும் சேந்து வருதுய்யா. சத்தமாச் சொன்னாத்தான் அடுத்தவாட்டி கலக்கக் கை கூசுது.”

அடுத்த ஞாயிறு, “ஆண்டவரே! செயலர் ஐயாவ மனசுக்குள்ள ஏசிட்டேன்! என்னன்னு ஏசினேன்னா…” பாடகர் குழுவே குலுங்கியது. போதகர் அவசரமாக அடுத்த பாட்டைச் சொல்லிக் காப்பாற்றினார்.

செயலர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “வாய மூடிட்டு உள்ள வாரும். இல்லன்னா வாசலோட நில்லும்.”

நான் பாடம் வாசித்த ஞாயிறு, அண்ணாச்சி வாசலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றார். அறிக்கையிடும் நேரம் வந்தது. ஓர் இருமல்கூட இல்லை. அன்றைக்கு யாருமே செபிக்காத மாதிரி இருந்தது எனக்கு.

முடிந்து வெளியே வந்தேன்.

“ஏட்டி, வாசலத் தாண்டியும் நல்லாக் கேட்டுச்சு” என்றார். பிறகு, நான் கிட்டே போய்க் காது கொடுக்க வேண்டியிருந்த குரலில், “நானும் இங்கன நின்னு மெதுவாத்தான் சொன்னேன். ஆண்டவருக்குக் கேட்டிருக்குமா? என்னையச் சேத்துக்கிடுவாராட்டி?”

“சேத்துக்கிடுவாரு அண்ணாச்சி” என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

நேரே செயலரிடம் போனேன். “அண்ணாச்சி வாசல்ல நின்னா, இனி நானும் வாசல்ல நின்னுதான் பாடம் வாசிப்பேன்யா. கேக்கும். அவரே சொல்லிட்டாரு.”

இன்று அடுத்த ஞாயிறு. கோயிலில் முதல் மணி அடிக்குமுன்பே வந்துவிட்டேன். ஆண்கள் பக்கம், செயலருக்கு அடுத்த இடத்தில், பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பது போல அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கிய அவர் எண்ணெய்த் துண்டை விரித்துப் போட்டிருக்கிறேன்.